மலைக்கு அந்தப் பக்கத்து வெயில்

அன்று அத்தைக்கு நேரம் தெரியாமல் போயிற்றா, இல்லை, தெரிந்துகொண்டேதான் அந்தப் பாறையின் மேல் உட்கார்ந்திருந்தாளா?

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். அதனால் பதில் தெரிந்திருக்க வேண்டியவளும் நான்தான். ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது. கையில் ஒரு சீத்தாப்பழம் இருந்தது. அதன் கொட்டையை எவ்வளவு தூரம் துப்ப முடியும் என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது. பெரியவளான பிறகு யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் மற்றது. இப்போது என் பெண்ணுக்கும் அதே ஒன்பது வயது. அவளும் சைக்கிளில் ஏறிவிட்டாள். இனியும் இதைத் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. செஞ்சியில் எங்கள் வீடு ராஜகிரியைப் பார்த்த தெருவில் இருந்தது. நாங்கள் ஜைனர்கள், தெருவில் நயினார் வீடு என்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. குழந்தைகளுக்கு மட்டும் பாலோ பழமோ கிடைக்கும். பொழுது எப்போது சாய்ந்தது என்பதை எங்கள் வீட்டில் முடிவு செய்வது கடிகாரம் அல்ல, மலை. சூரியன் ராஜகிரியின் உச்சியைத் தொட்டதும் அம்மா தட்டு வைப்பாள். அது மலைக்குப் பின்னால் இறங்கியதும் அடுப்படியைக் கழுவிவிட்டு விடுவாள். மலை இல்லாத ஊர்களில் அதற்குப் பிறகும் வெகுநேரம் வெயில் இருக்கும் என்று யாராவது சொன்னால், "நம்ம வீட்டுக்கு மலைதான் பஞ்சாங்கம்" என்று நைனா, என் அப்பா, முடித்துவிடுவார்.

அத்தை நைனாவின் தங்கை. இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். பெற்றவர்கள் போன பிறகு நைனாதான் அவளைத் தன் பெண்ணைப் போல வளர்த்து, டீச்சர் ட்ரெய்னிங் படிக்கவைத்தார். படித்து முடித்ததும் வேலையும் கிடைத்தது, மலைக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் போன பிறகுதான் அந்தச் சந்தோஷத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. காலையில் போக பஸ் சரியாக இருந்தது. சாயங்காலம் திருவண்ணாமலையிலிருந்து வருகிற பஸ், தான் நினைத்தபோது வந்தது. அத்தை செஞ்சியில் இறங்கி வீட்டுக்கு நடந்து வருவதற்குள் தெருவில் விளக்கு எரியும், நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். மத்தியானம் டிபன் கேரியரில் கொண்டுபோனதைச் சாப்பிட்டவள், மறுநாள் காலையில்தான் மறுபடி சாப்பிடுவாள்.

ஒரு மாதத்தில் அவளுடைய ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். தைத்துக்கொண்டே நைனாவிடம் சொன்னாள், "இப்படியே போனா, கல்யாணத்துக்கு நாம தேட வேண்டியது மாப்பிள்ளை இல்ல, டாக்டரு."

அந்தச் சமயத்தில்தான் அரசாங்க ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கு மாற்றல் வந்தது. ஊரில் லேடீஸ் சைக்கிள் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். நைனா போய் அதை வாங்கி வந்துவிட்டார். பச்சை நிறம், முன் மட்கார்டில் மங்கிப்போன சிவப்பு கூட்டல் குறி ஒன்று இருந்தது.

எதிர் வீட்டுக்காரர் வாசலிலேயே வழிமறித்தார். "இன்னா நயினாரே, பொம்பளப் புள்ளைய சைக்கிள் மேல ஏத்தப் போறியாமே?"

"ஏத்தலன்னா அது தெனம் பட்டினி கெடக்குது. பொழுதோட சாப்புடணும்னு நீங்கதான சொல்றீங்க?" என்றார் நைனா.

அவரும் ஜைனர்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஊரில் எந்தப் பெண்ணும் ஏறாத சைக்கிளில் எங்கள் வீட்டுப் பெண் ஏறியதற்குக் காரணம் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டின் மிகப் பழைய வழக்கம்தான் அவளை ஏற்றிவிட்டது.

கோட்டைக்குப் பக்கத்து வெட்டவெளியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பழக்கம் நடந்தது. நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடுவார். "ஹேண்டில பாக்காதம்மா, ரோட்டப் பாரு! ரோட்டப் பாரு!" அத்தை ரோட்டைப் பார்ப்பாள், சைக்கிள் நேராகக் கள்ளிப் புதருக்குள் போகும். மதில்மேல் இருந்த குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். மூன்றாவது வாரம் நைனா மூச்சு வாங்க நின்றுவிட்டார். அவர் விட்டுவிட்டது தெரியாமல் அத்தை குளக்கரை வரைக்கும் தானாகவே போய்விட்டாள். திரும்பிப் பார்த்து, தூரத்தில் நைனா இடுப்பில் கைவைத்து நிற்பதைக் கண்டதும்தான் விழுந்தாள். "பாக்காம இருந்திருந்தா இன்னும் போயிருப்பேன் அண்ணா" என்று முழங்கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நைனா இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஒன்று, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் சைக்கிள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை நான். துணைக்கு என்னையும் அழைத்துப் போக வேண்டும். அதற்காக என்னை டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து அத்தையின் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார்கள். கேரியரில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சுகிற ஒரு பிள்ளையைக் கண்டால் கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்கள் எல்லாம் நடுங்கிப்போவார்கள் என்று நைனா நம்பினார் போலிருக்கிறது.

முதல் நாள் நடந்ததை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். கிராமத்து எல்லையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள். பெண்பிள்ளை, சைக்கிள், சிவப்புக் கூட்டல் குறி. "டேய், அம்மை குத்த வந்துட்டாங்கடா!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் தெருவில் ஒரு பிள்ளை இல்லை. அன்று வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. மல்லாட்டைக் கொல்லைக்குள், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, படுத்துக்கிடந்தவர்களை அவர்களுடைய அம்மாக்கள் காதைப் பிடித்து இழுத்து வந்தார்கள். "அது நம்ம டீச்சருடா, எருமை!" மறுநாளே நைனா அந்தக் கூட்டல் குறியின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்.

அத்தை வழிகளுக்குப் பெயர் வைத்திருந்தாள். பஜாரைக் கடந்து, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போகிற தார் ரோடு, பஸ் வழி. அதிலிருந்து விலகி, பழைய மதில் ஓரமாகக் குளத்தைத் தொட்டுக்கொண்டு போகிற குறுக்குப் பாதை, குரங்கு வழி. மழை பெய்து ஓய்ந்த நாட்களில் குரங்கு வழிதான். பாறைகளின் மேல் தண்ணீர் வழிந்த கோடுகள் கறுப்பாகப் பளபளக்கும். யாரோ அடுக்கிவைத்து, பாதியில் மறந்துவிட்டுப் போனதுபோல் குண்டுக்கல் மேல் குண்டுக்கல்லாக நிற்கும். "இப்ப உருளுமா அத்தை?" என்று தினமும் கேட்பேன். "நம்ம தாண்டிப் போனப்புறம் உருளும்" என்று தினமும் சொல்வாள்.

இன்னொரு வழியும் இருந்தது. ராஜகிரிக்குப் பின்பக்கமாகப் போய், தெற்கே வளைந்து, விழுப்புரம் ரோட்டில் ஏறுகிற வண்டித் தடம். அதற்குச் சுத்து வழி என்று பெயர் வைத்திருந்தாள். பெயர்தான் வைத்திருந்தாளே தவிர அதில் போனதில்லை. தார் ரோட்டிலிருந்து அது பிரிகிற புளியமரத்தடி வந்ததும் பெடலை மிதிப்பதை ஒரு கணம் நிறுத்துவாள். சைக்கிள் தானாக ஓடும். தலை அந்தப் பக்கம் திரும்பி, பிறகு நேராகும்.

சாயங்காலங்களில் எங்களுக்கு ஒரு பந்தயம் இருந்தது, மலையின் நிழலோடு. பொழுது இறங்க இறங்க ராஜகிரியின் நிழல் ஊருக்குள் நீண்டுகொண்டே வரும். அது எங்கள் வீட்டு வாசலைத் தொட்டுவிட்டால் எங்களுக்குச் சூரியன் போய்விட்டது என்று அர்த்தம். நிழல் கோட்டை வாசல் வரைக்கும்தான் வந்திருந்தால் அத்தை நிதானமாகப் போவாள். பஜாரை எட்டியிருந்தால் இழுத்து மிதிப்பாள். நிழலுக்குள் போய்க்கொண்டே இருந்து, சட்டென்று அதன் விளிம்பைத் தாண்டி வெயிலுக்குள் நுழைவோமே, அப்போது முதுகில் சூடு படும். "முந்திட்டோம்!" என்று நான் கத்துவேன். வாசலில் அம்மா தட்டுகளோடு நிற்பாள். அத்தை கைகால் கழுவி உட்கார்ந்து, வாய் நிறையச் சாப்பிடுவாள். நைனா அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். ரவிக்கைகளின் தையலை அம்மா பிரித்துவிட்டாள்.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அத்தையின் வகுப்பில்தான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அத்தை முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலை வைத்து மணி சொல்லப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தாள். கையை நீட்டி, சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று பார்த்தால் பொழுது சாய எவ்வளவு நேரம் என்று சொல்லலாம். அதையும் பிள்ளைகள் செய்து காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் தானும் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். போகும்போது அத்தையைப் பாராட்டி, அரை நாள் லீவு விட்டுவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் காலியான பிறகு அத்தை சைக்கிளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இன்னிக்கி சுத்து வழியா போலாமா?"

"நைனா திட்டும்."

"எதுக்குத் திட்டப் போவுது? பொழுதோட வரணும்னுதான சொல்லியிருக்குது. எந்த வழில வரணும்னு சொல்லலியே."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இப்போதும் சரியாகத்தான் படுகிறது.

புளியமரத்தடியில் அத்தை ஹேண்டிலைத் திருப்பினாள். செம்மண் தடம், நடுவில் புல். இரண்டு பக்கமும் சீத்தா மரங்கள் தாமாகவே முளைத்துக் காய்த்துக் கிடந்தன. ஏரி நிரம்பி, மலை தலைகீழாக அதில் தெரிந்தது. ஊர்ப் பக்கமிருந்து பார்த்துப் பழகிய ராஜகிரி இந்தப் பக்கம் வேறொரு ஆளைப்போல் இருந்தது. கோயிலும் மண்டபமும் தெரியவில்லை, வெறும் பாறையும் புதரும்தான். ஒரு சரிவு வந்தது. அத்தை "கெட்டியா புடிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு, பெடலிலிருந்து இரண்டு கால்களையும் எடுத்து முன்னால் நீட்டிக்கொண்டாள். நான் சீட்டின் சுருள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். நான் அப்போதே பயந்தாங்கொள்ளி. அத்தை ஏதோ சத்தம் போட்டாள். பாட்டும் இல்லை, கூச்சலும் இல்லை. வகுப்பில் கேட்டிராத குரல்.

எதிரே விறகு ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, வழி தப்பி வந்துட்டியா?"

"இல்ல பெரியவரே. வேணும்னுதான் வந்தேன்."

"இந்த ரோட்டுல பாக்கறதுக்கு இன்னா கீது? கல்லுதான் கீது."

"அதத்தான் பாக்க வந்தேன்."

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மாட்டைத் தட்டினார். என்மேல் அவருக்கு இரக்கம் வந்ததுபோல் இருந்தது.

தடம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு பெரிய பாறை, யானை படுத்திருப்பதுபோல. ஒரு பிரிவு வளைந்து விழுப்புரம் ரோட்டுக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. மற்றொன்று மேற்கே பக்கமலைப் பக்கம் போயிற்று. அத்தை சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாறைமேல் ஏறினாள். என்னையும் கைகொடுத்து ஏற்றினாள். மேற்கே பார்த்து உட்கார்ந்தோம். கண்ணுக்கு எட்டிய வரை நெல்லும் மல்லாட்டையும், அதற்கப்பால் நீலமாக ஒன்றன்பின் ஒன்றாக மலைகள். வெயில் எல்லாவற்றின் மேலும் விழுந்திருந்தது.

"இப்டியே போனா எங்க அத்த போவும்?"

"பக்கமலைக்கு."

"அதத் தாண்டி?"

"தெரியல. போய்ப் பாத்தாதான் தெரியும்."

"போலாமா?"

"போலாம். ஒரு நாளைக்கு." வழியில் பறித்து வந்த சீத்தாப்பழம் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு அவளே கேட்டாள், "நீ பெரியவளானா எந்த வழியில போவ?"

"பஸ்ல போவேன்" என்றேன்.

அத்தை சிரித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்குக் கோபம் வந்து இன்னொரு பழத்தைப் பிட்டுக்கொண்டேன்.

நாங்கள் வெகுநேரம் அங்கே இருந்தோம். எனக்கே பயம் தட்டி, "போலாம் அத்த, பொழுது போயிடும்" என்றேன். அத்தை கையை நேராக நீட்டி, விரல்களைப் படுக்கையாக மடக்கி, தூரத்து மலைகளுக்கும் சூரியனுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் கீது" என்றாள். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தே இருந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன். அவள் அளந்தது சரிதான். அந்தப் பக்கத்தில் பொழுது இருக்கத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்தது மலைக்கு மேற்கே. மலையின் நிழல் எங்கள் முதுகுக்குப் பின்னால், நாங்கள் பார்க்க முடியாத பக்கத்தில், ஊருக்குள் நடந்துகொண்டிருந்தது. தினமும் நிழலைப் பார்த்தே நேரம் சொல்லிப் பழகியவளுக்கு நிழல் விழாத பக்கத்தில் கணக்குத் தப்பியிருக்கலாம். யாருக்கும் தப்பும். ஆனால் அவள் குச்சி நட்டு நிழல் அளக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சர். அன்று காலையில்தான் அதற்காகப் பாராட்டு வாங்கியவள். அவளுக்கா மலையை மறந்துபோகும்?

திரும்பினோம். தெற்கு மூலையில் தடம் வளைந்ததும் சட்டென்று நிழல். தண்ணீருக்குள் இறங்கியதுபோல் கால்கள் சில்லிட்டன. அத்தை சைக்கிளை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். முன்னால் பார்த்தாள். ஊர் முழுவதும் நிழலுக்குள் இருந்தது. முந்துவதற்கு விளிம்பே இல்லை.

"மிதி அத்த, மிதி" என்று முதுகைத் தட்டினேன். அவள் மிதித்தாள். ஆனால் இழுத்து மிதிக்கவில்லை. ஏதோ காலை நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோல் ஒரே சீராகப் போனாள்.

வாசலில் நைனா நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. அப்பாடா என்கிற நிம்மதி. "வந்துட்டியாம்மா" என்றார். பிறகு மலைப் பக்கம் பார்த்து, மெதுவாக, "பொழுது போயிடுச்சே" என்றார்.

நான் கேரியரிலிருந்து குதித்தேன். "இல்ல நைனா! அந்தப் பக்கம் இன்னும் வெயில் இருக்குது! நெஜமா! நான் இப்பதான் பாத்தேன்! அத்த, சொல்லு!"

அத்தை சொல்லவில்லை.

நைனா குனிந்து என் கன்னத்தைத் துடைத்தார். "அந்தப் பக்கம் நம்ம வீடு இல்லியே கண்ணு."

உள்ளே கூடத்தில் தட்டுகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அத்தையின் தட்டு மட்டுமில்லை, நைனாவின் தட்டும் அம்மாவின் தட்டும். சாதம் குண்டானில் தொடப்படாமல் இருந்தது. அவள் வரட்டும், வரட்டும் என்று காத்திருந்து இருவரும் சாப்பிடவே இல்லை. அம்மா அப்போது ஏழு மாதக் கர்ப்பம். என் தம்பி வயிற்றில் இருந்தான்.

அத்தை தட்டுகளைப் பார்த்தபடி நின்றாள். "அண்ணி, நீயாவது சாப்ட்டிருக்கலாமில்ல?"

"நீ வராம எப்படி எறங்கும்? எனக்கொண்ணும் பசியில்ல. மத்தியானம் நெறய சாப்ட்டேன்" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் பேச்சு. எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு தம்ளர் பால் கிடைத்தது. திட்டு விழவில்லையே என்கிற சந்தோஷத்தில் மடமடவென்று குடித்தேன்.

மறுநாள் காலையில் நைனா சைக்கிளுக்குக் காற்றடித்தார். செம்மண்ணைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, தெருவைப் பார்த்தபடி நிறுத்திவைத்தார். அத்தை டிபன் கேரியரோடு வெளியே வந்தாள்.

"காத்து அடிச்சி வெச்சிருக்கேம்மா" என்றார்.

"பாத்தேண்ணா. பஸ்ஸுக்கு நேரமாச்சி."

சைக்கிளைத் தாண்டி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அதற்குப் பிறகு அத்தை அதில் ஏறவே இல்லை. பழையபடி விளக்கு வைத்த பிறகு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துக்கொள்வாள். அம்மா மறுபடி ஊசி எடுத்தாள். அடுத்த வருஷம் கும்பகோணம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை மலையே இல்லாத ஊர். அங்கே சூரியன் தன் இஷ்டப்படி வெகுநேரம் இருந்துவிட்டுத்தான் போகிறது. சைக்கிள் நெல் குதிருக்குப் பின்னால் கிடந்து துருப்பிடித்தது.

"நான் ஒரு வார்த்தை சொல்லலியே. ஏன் நிறுத்துனா?" என்று நைனா கடைசிக் காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை அம்மா, "திட்டியிருந்தா மறுநாளே ஏறிப் போயிருப்பா" என்றாள். அம்மாவுக்குக் குதர்க்கமாகப் பேசுவதில் ஒரு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி கல்யாணத்துக்கு அத்தை வந்திருந்தாள். பூ தொடுத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். அன்று நேரம் தெரியவில்லையா, தெரிந்தே இருந்தாயா என்று. அத்தை நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அன்னிக்கி வெயில் ரொம்ப நேரம் இருந்துச்சில்ல?" என்றாள். அடுத்த பூவை எடுத்துக்கொண்டாள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நானும் செஞ்சியிலேயே வாழ்க்கைப்பட்டவள். என் பெண் வாடகை சைக்கிளில் தானாகவே பழகிவிட்டாள். அவள் அப்பா அவளுக்குச் சொந்தமாக ஒரு சின்ன சைக்கிள் வாங்கிக்கொடுத்து, "இனி ஸ்கூலுக்கு இதுலயே போகட்டும். எங்க போகலாம், எங்க போகக் கூடாதுன்னு நீ சொல்லு" என்று என்னிடம் விட்டுவிட்டார். இப்போது ரோட்டில் லாரிகள் அதிகம். கோட்டைப் பக்கம் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். நான் இரவெல்லாம் யோசித்து, கடைசியில் என் வாயிலிருந்து வந்தது, "பொழுதோட வந்துடணும்" என்பதுதான். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சிநேகிதிகளோடு கோட்டைக் குளம் வரைக்கும் போனாள். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டார். எனக்கு இறங்கவில்லை. கொஞ்சம் தாமதம்தான். சூரியன் இறங்கிச் சிறிது நேரத்தில் மணியடித்துக்கொண்டே வந்துவிட்டாள். மூச்சு வாங்க, "அம்மா, அங்க ஒரு கல்லு இருக்குதும்மா, இப்ப உருளுமோ அப்ப உருளுமோன்னு" என்று ஆரம்பித்தாள். நான் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட. ஆனால் அவள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் கவிழ்த்து வைத்திருந்த தட்டை ஒருமுறை பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு, "நான் நடந்தே போறேம்மா" என்றாள். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான், அத்தை எங்கள் கூடத்தில் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. இவ்வளவு காலமும் நான் சூரியனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தை ஏன் நைனாவுக்குப் பதில் சொல்லவில்லை என்று மனம் வருந்தியிருக்கிறேன். ஒன்பது வயதில் எனக்குத் தெரியாமல் போனது அந்தத் தட்டுகள்தான். வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும், தனக்காகப் பசித்திருக்கிறவர்களிடம் ஒருத்தியால் என்ன வாதாட முடியும்?

இதைப் படிக்கிறவர்களில் பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிற அம்மாக்கள் இருப்பீர்கள். கவலைப்படாதே என்று மட்டும் எழுதாதீர்கள். அது என்னால் ஆகாது. உங்கள் பெண் திரும்பி வருவதற்கு முன்னால் உங்களுக்குச் சோறு இறங்குகிறதா? இறங்காவிட்டால், அவள் உள்ளே நுழையும்போது அந்தத் தட்டை எங்கே வைக்கிறீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அவள் இந்த வாரமும் நடந்தேதான் போய்க்கொண்டிருக்கிறாள்.